கியர்பாக்ஸைக் கழற்றக் கூடாதாம்... ஏன்?

லாரி கியர்பாக்ஸ் என்றால் கழற்றி மாட்டுகிற சாமான் என்பது நாமக்கல் மாவட்டத்தில் சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். காலையில் பட்டறைக்கு வண்டி வரும். பெட்டியை இறக்குவார்கள். பேரிங் போயிருந்தால் பேரிங், சிங்க்ரோ கோன் தேய்ந்திருந்தால் அது, ஒரே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தால் அந்த ஒன்று மட்டும். ஆயில் சீல் புதுசு போட்டுத் திரும்ப ஏற்றினால் வண்டி லோடு ஏற்றக் கிளம்பிவிடும். "பெட்டியையே தூக்கிப் போட்டுட்டு முழுசாப் புதுசு வாங்குங்க" என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால், லாரி ஓனர் அந்தப் பட்டறைப் பக்கம் மறுபடி தலை வைத்துப் படுக்க மாட்டார்.

இப்போது அதே மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கிற பரமத்தி வேலூருக்கு வாருங்கள். வாழைத்தார் ஏலத்துக்கும் வெற்றிலைக்கும் பேர் போன ஊர். இங்கேயும் ஆட்டோமேட்டிக் கார்கள் வந்துவிட்டன. முட்டி வலிக்காரர்கள் வாங்குகிறார்கள், புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் வாங்குகிறார்கள், சேலம் கோவை டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்து அலுத்தவர்கள் வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான்.

வாரண்டி முடிந்த பிறகு ஒருநாள் அந்தக் கார் மேட்டில் ஏறாமல் நடுங்குகிறது. டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. உள்ளூர் மெக்கானிக் கையை விரிக்கிறார். 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற சேலத்துக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனால், ஏசி ரூமில் இருக்கிற தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வது ஒரே வசனம்:

"சார், கியர்பாக்ஸ் அசெம்பிளியே மாத்தணும் சார். உள்ளே பிரிக்க எங்களுக்குப் பர்மிஷன் இல்லை."

பிரிக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பர்மிஷன் இல்லை என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் கார் வைத்திருப்பவர் பணம் லட்சக்கணக்கில் காணாமல் போகிறது!

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே ஜாதி இல்லை. இந்தியாவில் 2014ல் மாருதி செலேரியோ மூலம் பரவலான ஏஎம்டி என்பது, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. அங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் கிளட்ச்சும் அந்த ஆக்சுவேட்டரும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் சோலனாய்டு வால்வுகள், உராய்வுத் தட்டுகள், சீல்கள். இரட்டைக் கிளட்ச் வகையில் கிளட்ச் பேக், மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதி. சிவிடியில் இரும்பு பெல்ட், புல்லி.

இவற்றில் எத்தனை வெளியிலிருந்தே கழற்றி மாற்றக்கூடியவை என்று பாருங்கள். பல மாடல்களில் சோலனாய்டு மாற்ற ஆயில் சட்டியைக் கழற்றினால் போதும். மெக்கட்ரானிக் தனி யூனிட். ஒரு சோலனாய்டு அடைத்துக்கொண்டது என்பதற்காக நல்ல பல்சக்கரங்கள், நல்ல ஷாஃப்ட், நல்ல உறை எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்வது, பம்ப்செட்டில் வாசர் போனதற்கு மோட்டாரையே மாற்றச் சொல்வது மாதிரி.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனியின் இசட்எஃப் போன்ற பெரிய கியர்பாக்ஸ் கம்பெனிகளே பழுதான பெட்டிகளைத் திரும்ப வாங்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து, புதுப்பித்த பெட்டி என்று மறுபடி விற்கின்றன. வெளிநாடுகளில் இது பெரிய தொழில். ஆக, பெட்டியைப் பிரிக்கலாம், ரிப்பேர் செய்யலாம், அதில் லாபமும் பார்க்கலாம். கார் சொந்தக்காரர் கேட்டால் மட்டும் அது பிரிக்க முடியாத பெட்டி ஆகிவிடுமோ?

ஆயில் கதையும் இப்படித்தான். "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று பல கார்க் கம்பெனிகள் சொல்கின்றன. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெற்றவள் சோறு போடச் சொல்கிறாள், வளர்ப்பவர் வேண்டாம் என்கிறார்! லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப்டைம்? வாரண்டியின் லைஃப்டைமா?

கம்பெனி தப்பே செய்யாதா?

பெட்டி கெட்டால் முதலில் பழி விழுவது ஓட்டுபவர் மேல்தான். "நீங்க ஓட்டுறது சரியில்லை சார்." இது இங்கே மட்டும் கேட்கிற வசனம் இல்லை.

ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இதே தமிழ்நாட்டில், மறைமலைநகரில் தயாரான ஃபியஸ்டாவிலும் எக்கோஸ்போர்ட்டிலும் பவர்ஷிஃப்ட் வந்தது. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் கார்கள் நடுங்குகின்றன என்று புகார் குவிந்தது. அது பெட்டியின் தரக்கோளாறு என்று தெரிந்திருந்தும், வாடிக்கையாளர்களிடம் உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே இருந்த நுகர்வோர் ஆணையம் சும்மா விடவில்லை. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவிலும் கூட்டு வழக்கு நடந்து 2020ல் சமரசத் திட்டம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது.

ஃபோக்ஸ்வேகனின் 7 கியர் டிஎஸ்ஜியும் அப்படியே. சீனாவில் 2013 மார்ச்சில் அரசு டிவி போட்டு உடைத்த பிறகு 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருடம் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களில் அந்தப் பெட்டியின் ஆயிலை மாற்ற அழைப்பு விட்டார்கள். சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். ஆயிலை மாற்றினால் தடுக்கக்கூடிய கோளாறு அது! அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் முழுப் பெட்டிக்குக் காசு கட்டியிருப்பார்கள்?

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கேள்வி கேட்க ஆள் இருக்கிற நாட்டில் கம்பெனி இறங்கி வருகிறது. கேட்காத ஊரில் எஸ்டிமேட் மட்டும் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, ஏழு வருடக் கார், சந்தை மதிப்பு 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி மாற்ற எஸ்டிமேட் 2.5 லட்சம். மாற்றினால் காரின் மதிப்பு 7.5 லட்சம் ஆகுமா? ஆகாது. அதே 5 லட்சம்தான். மாற்றாமல் விற்றால் காயலான் கடை விலை. ஆக அந்த ஒரு வரி எஸ்டிமேட், காரின் பாதி மதிப்பை ஒரே நாளில் விழுங்குகிறது. பழுது 20 ஆயிரத்தில் முடிகிற பாகமாக இருந்திருந்தால்? அது சொந்தக்காரருக்குத் தெரியவே போவதில்லை, ஏனென்றால் பெட்டியை யாருமே திறக்கவில்லை.

இன்சூரன்ஸ் வருமா? சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கு. வரி? உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. வெற்றிலை வியாபாரி ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தாலும், சொந்தக் கார் ரிப்பேருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. எல்லாம் கைக்காசு.

எதிர்ப்பக்கம் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். பெட்டியைப் பிரித்துப் பழுதைக் கண்டுபிடிக்கத் திறமையான ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், நேரம் வேண்டும், திரும்பக் கெட்டால் பொறுப்பும் ஏற்க வேண்டும். முழுப் பெட்டியை மாற்றினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மேலே பெரிய பில், அதில் மார்ஜின். முழுப் பெட்டி மாற்று என்பது பெரும்பாலான நேரங்களில் இன்ஜினியரிங் முடிவு இல்லை, வியாபார முடிவு. பழுது கண்டுபிடிக்கிற செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற முடிவு.

சட்டம் தூங்குகிறதா?

முழுசாகத் தூங்கவில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார்க் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என்ன குற்றம்? ஒரிஜினல் உதிரி பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும், ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் அடைத்து வைத்தது. வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி மொத்தமாகப் போய்விடும் என்று நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீல், ரிட் என்று போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, நிசான், ஃபோர்டு மூன்றுக்கும் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் தப்பு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு இணையதளமும் திறந்தது. அதில் கார்களும் ஒரு பிரிவு. இணையதளம் சரி, பரமத்தி வேலூர் பட்டறைக்கு அந்த சாஃப்ட்வேர் வந்ததா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இதை வாங்கினார்கள். ஐரோப்பாவில் ரிப்பேர் விவரங்களை வெளிப் பட்டறைகளுக்குத் தர வேண்டும் என்று 2007 முதல் விதி இருக்கிறது. அங்கே விவரம் கொடுக்கிற அதே கம்பெனிகள் இங்கே வந்ததும் "டெக்னிக்கல் ரகசியம்" என்கின்றன. கடல் தாண்டும்போது ரகசியம் ஆகிவிடுமா என்ன?

"ஆனால் பட்டறைக்காரர் கெடுத்துவிடுவாரே!"

இதுதான் கம்பெனி பக்க வாதம். இதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வால்வு பாடியில் ஒரு தூசி போனாலும் வம்பு. ரிப்பேருக்குப் பிறகு கிளட்ச் அளவுகளை ஸ்கேனர் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அரைகுறையாகப் பிரித்து, தப்பான ஆயில் ஊற்றி, நல்ல பெட்டியைக் கொன்றவர்களும் உண்டு. உறையே வெடித்துவிட்டால், சிவிடி பெல்ட் அறுந்து இரும்புத்தூள் எல்லா இடத்திலும் பாய்ந்துவிட்டால், முழுப் பெட்டி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அப்போது மாற்றட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

ஆனால் யோசியுங்கள். மேனுவல் கொடுக்க மாட்டோம், பாகம் தனியாக விற்க மாட்டோம், சாஃப்ட்வேர் திறக்க மாட்டோம் என்று கையைக் கட்டிப் போட்டுவிட்டு "உனக்கு நீச்சல் தெரியாது" என்பது என்ன நியாயம்? எரிவாயு டேங்கர்களையும் ஆழ்துளை ரிக் வண்டிகளையும் ஓட வைக்கிற மாவட்டம் இது. கரண்டு இன்ஜெக்டர் பம்ப் வந்தபோதும் "இனி ரோட்டோரப் பட்டறை அவ்வளவுதான்" என்றார்கள். டீசல் பம்ப் கடைக்காரர்கள் டெஸ்ட் பெஞ்ச் வாங்கிப் போட்டுக் கற்றுக்கொள்ளவில்லையா? கை வேலையில் குறை இல்லை. பூட்டியது கம்பெனி, சாவியும் கம்பெனியிடம்.

அதுவரை என்ன செய்வது?

அசெம்பிளி மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடுகளைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்தப் பாகம் போனது, அது ஏன் தனியாக மாற்ற முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். ஆயிலை வடித்து உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கருகிய வாசனையும் இரும்புத்தூளும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கோவையிலோ சென்னையிலோ ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறையில் இரண்டாவது கருத்து வாங்குங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றிய பழைய பெட்டி எங்கே போகிறது, அதற்கு என்ன விலை கழிப்பார்கள் என்று கேளுங்கள். வாயைத் திறந்து கேட்காதவருக்குக் கழிப்பு எதுவும் தானாக வராது.

தயாரிப்பே கோளாறு என்று தோன்றினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. வடிவமைப்புக் கோளாறும் அதில் சேர்த்தி. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாமக்கல்லிலேயே ஆணையம் இருக்கிறது. எழுத்தில் வாங்கிய அந்தப் பதில்தான் அங்கே சாட்சி.

ஒரு லாரி ஓனரிடம் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்லும் தைரியம் நாமக்கல் பட்டறையில் எவருக்கும் இல்லை. காரணம், லாரிக்காரர் "பிரிச்சுக் காட்டு" என்பார். கார் வாங்கியவரும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லப் பழக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது. திறந்து பார்க்க எதற்கு இன்னொருத்தர் பர்மிஷன்?