எண்பதாயிரம் ரூபாய்க் கைபேசி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விடைத்தாள் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு நாம் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்த சமயம், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு கொத்தனார். நம் பள்ளிக்கூடத்துச் சுற்றுச் சுவரில் பாதி அவர் கையால் எழுந்தது. அவருடைய மகன் நம்மிடம் இரண்டு வருஷம் கணிதம் படித்தவன். நல்ல மதிப்பெண்கள் பெற்று, இப்போது பொறியியல் கல்லூரியில் இடமும் பெற்றுவிட்டான்.

வாழ்த்துக் கூறி, உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த கணக்கு அது. முதல் வரியில் ஒரு கைபேசியின் பெயர். அடுத்த வரியில் ஏறக்குறைய எண்பதாயிரம் ரூபாய். அதற்கும் கீழே இருபத்து நான்கு மாதத் தவணை.

"பையன் இதுதான் வேண்டும் என்கிறான், ஸார். கல்லூரியில் இது இல்லாமல் முடியாதாம். எனக்கு இந்த விஷயம் ஒன்றும் தெரியாது. வாங்கலாமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி செய்கிறேன்" என்றார்.

நேயர்களே! அவர் ஒரு கணக்கைக் கேட்டிருந்தால் உடனே போட்டுக் காட்டியிருப்போம். இதற்குப் பதில் சொல்ல நா எழவில்லை. காரணம், மேஜையின் மேல் நம்முடைய கைபேசி கிடந்தது. அதன் விலைக்கும் அந்தக் காகிதத்தில் இருந்த விலைக்கும் அதிக தூரமில்லை. கொத்தனாரின் பார்வை ஒரு கணம் அதன்மேல் தங்கிற்று. நாம் மெதுவாக ஒரு விடைத்தாளை எடுத்து அதை மூடினோம். "சாயங்காலம் பையனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அன்று பகல் விடைத்தாள் ஒன்றும் திருந்தவில்லை. யோசித்ததையெல்லாம் இங்கே எழுதுகிறோம். நம் நேயர்களில் பலருடைய வீடுகளிலும் இதே காகிதம் மடிந்து கிடக்கலாம் அல்லவா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். கைபேசியே ஓர் ஆடம்பரம் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இந்தியாவில் முதல் கைபேசிச் சம்பாஷணை நடந்தது 1995ஆம் வருஷம் ஜூலை 31ஆம் தேதி. கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் கூப்பிட்டவருக்கும் கட்டணம், கூப்பிடப்பட்டவருக்கும் கட்டணம்! வந்த அழைப்பை இலவசமாகக் கேட்கலாம் என்ற நிலை 2003இல்தான் ஏற்பட்டது. இன்றோ கல்லூரியின் அறிவிப்பு, பஸ் கட்டணம், பாடம், பணம் அனுப்புவது, ஊரிலிருக்கும் பாட்டியின் முகம் எல்லாம் அந்தச் சின்னப் பலகைக்குள் வந்துவிட்டன. ஆகவே பையனுக்குக் கைபேசி வேண்டும் என்பதில் விவாதமில்லை. எண்பதாயிரம் ரூபாய்க் கைபேசி வேண்டுமா என்பதே கேள்வி.

விலையின் கதையும் வேடிக்கையானது. பொதுவாக யந்திரங்கள் நாளாக ஆக மலிவாகும். ரேடியோவும் கைக்கடிகாரமும் அப்படித்தான் ஆயின. கைபேசியோ ஒரே காலத்தில் இரண்டு திசைகளிலும் ஓடிற்று. 2007இல் அமெரிக்காவில் முதல் ஐபோன் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோதே ஜனங்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பத்தே வருஷத்தில், 2017இல், ஐபோன் எக்ஸ் 999 டாலருக்கு வந்தது. நம் நாட்டில் அதன் விலை 89,000 ரூபாய். அதே 2017இல்தான் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு, விசைப் பொத்தான்கள் கொண்ட ஜியோபோனும் நம் நாட்டில் வந்தது. 2024இல் ஐபோன் 16 ரூ. 79,900க்கும், சாம்சங் கேலக்ஸி எஸ்24 ரூ. 79,999க்கும் வெளியாயின. எண்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு என்பதில் என்ன சிக்கனமோ, அறியோம்!

"நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்கிறார்களே, விலை ஏன் குறையவில்லை?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அங்கே நம் பெண்களும் பிள்ளைகளும் உழைத்து ஐபோன்களைக் கோத்து முடிக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமையே. ஆனால் அதன் மூளையாகிய சில்லு தைவானிலிருந்து வருகிறது. கோக்கும் வேலைக்கு விலையில் கிடைக்கும் பங்கு சிறியது. இதற்கு மேல் சர்க்கார் வரி வேறு. 2020 ஏப்ரல் முதல் கைபேசிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எண்பதாயிரத்தில் சுமார் 12,200 ரூபாய் அந்த வகையிலேயே போய்விடுகிறது.

சரி, பதினெட்டாயிரம் ரூபாய்க் கருவியை விட்டு எண்பதாயிரம் ரூபாய்க் கருவியை வாங்குகிறவருக்கு அதிகப்படியாக என்ன கிடைக்கிறது? நான்கு விஷயங்கள்.

முதலாவது, காமிரா. பெரிய ஒளி உணரியும் நல்ல லென்ஸும் அதிக வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். பட்டப்பகலில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் நம் வீட்டார் எது எதுவென்று சொல்லத் திணறுவார்கள். அந்தி வேளையில், ஓடுகிற குழந்தையைப் படம் பிடித்தால் வித்தியாசம் தெரியும். விளம்பரத்தில் போடும் மெகாபிக்ஸல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கும் கருவிகளில், பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் பெரும்பாலும் படம் உருவாகிறது.

இரண்டாவது, வேகம். கனமான விளையாட்டுகளுக்கும், வீடியோவை வெட்டி ஒட்டும் வேலைக்கும் அது உதவும். படிப்பது, பேசுவது, பணம் அனுப்புவது ஆகிய காரியங்களுக்குப் பதினெட்டாயிரமே போதும்.

மூன்றாவது, உடம்பு. உலோகச் சட்டம், உறுதியான கண்ணாடி, தண்ணீர் புகாத கட்டு. ஆனால் கண்ணாடி எவ்வளவு உறுதியானாலும் கண்ணாடியே. தண்ணீர்ப் பரீட்சை சோதனைச் சாலையில் நல்ல தண்ணீரில் நடப்பது. நாள்பட்ட உபயோகத்தில் அந்தக் காப்பும் தளர்ந்துவிடும்.

நான்காவது விஷயம் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் அதுவே முக்கியமானது. கம்பெனி எத்தனை வருஷத்துக்குக் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் என்பதே அது. புதுப்பிப்பு நின்றுவிட்டால், திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. வங்கிச் செயலிகளும் நாளடைவில் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கும். 2023இல் வந்த கூகுள் பிக்ஸல் 8க்கும், 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மலிவான கருவிகள் பலவற்றுக்கு அந்த வாக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு முடிந்துவிடும். ஆனால் இதிலும் விலை மட்டுமே அளவுகோல் என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்24இன் விலையில் ஒரு சிறு பங்கே உள்ள சாம்சங் ஏ16க்கு 2024இல் ஆறு வருஷ வாக்குக் கிடைத்தது.

இனி நாம் நம் தொழிலுக்கு வருவோம். கணக்குப் போடுவோம். எண்பதாயிரம் ரூபாய்க் கருவியை இரண்டு வருஷத்தில் மாற்றினால், வருஷத்துக்கு 40,000 ரூபாய். ஏழு வருஷம் வைத்துக்கொண்டால் சுமார் 11,400 ரூபாய். பதினெட்டாயிரம் ரூபாய்க் கருவியை மூன்றே வருஷம் வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 6,000 ரூபாய்தான். பழைய கருவியை விற்றால் விலை உயர்ந்ததற்குச் சற்று அதிகம் கிடைக்கும் என்பது வாஸ்தவமே. அதையும் சேர்த்துக்கொண்டாலும் மலிவுக் கருவியே ஜயிக்கிறது. அருமையான கருவி தன் விலைக்கு ஓரளவாவது நியாயம் செய்ய வேண்டுமானால், அதை நெடுநாள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அத்தனை விலை கொடுத்து வாங்குகிறவர்களில் பலர், அடுத்த வருஷமே அடுத்த மாதிரிக்கு ஆசைப்படுகிறவர்களாக இருப்பதுதான் விசித்திரம்!

நெடுநாள் வைத்துக்கொள்வதிலும் ஒரு சங்கடம் உண்டு. பாட்டரி மூப்படையும். ஐபோன் 14 வரையிலான கருவிகளில், 500 முழுச் சுற்று மின்னேற்றத்துக்குப் பிறகும் முதல் கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும்படி பாட்டரி அமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. 15 முதல் அந்த எண்ணிக்கை 1,000. பாட்டரி மூப்படைந்த கருவிகளின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததாக அக்கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொள்ள வேண்டியும் வந்தது. ஆகையால் ஏழு வருஷக் கணக்கில் ஒன்றிரண்டு பாட்டரிகளின் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், உதிரிப் பாகங்களை ஏழு வருஷம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் சர்க்கார் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் திறந்தார்கள். நல்ல ஆரம்பம், அந்தச் சட்டத்தின் பலம் இதற்கும் வர வேண்டும்.

கடைக்காரரின் காகிதத்தில் "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருந்தது. இந்த இனிய சொற்றொடரைப் பற்றி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கருத்துச் சொல்லிவிட்டது. பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது என்பதே அதன் சாரம். ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமற் போகலாம். 'நடைமுறைக் கட்டணம்' என்ற பெயரில் வட்டி வேஷம் மாற்றிக்கொண்டும் வரலாம். நம் கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபாய். மழையும் பண்டிகையும் போக, மாதத்தில் இருபது நாள் வேலை. அந்தக் கைபேசிக்காக அவர் நான்கு மாதம் சாரத்தில் நிற்க வேண்டும். நான்கு மாதமும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது!

சாயங்காலம் தகப்பனாரும் மகனும் வந்தார்கள். இந்தக் கணக்கையெல்லாம் காகிதத்தில் எழுதிப் பையனிடம் கொடுத்தோம். அவன் கெட்டிக்காரன், ஒரு பார்வையில் புரிந்துகொண்டான். ஆனாலும் முகம் தெளியவில்லை. "இன்னும் என்ன அப்பா?" என்று கேட்டோம். வெகுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அங்கே எல்லாரும் பார்ப்பார்கள், ஸார்" என்றான்.

நமக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டது காமிராவுமல்ல, வேகமுமல்ல. தன்னைவிட வசதியுள்ள பிள்ளைகளின் நடுவே தலைநிமிர்ந்து உட்காருவதற்கு ஓர் ஆசனம் கேட்கிறான். அதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சிரிக்கும் யோக்கியதை நமக்கு இல்லை.

விடைத்தாளை விலக்கி, நம் கைபேசியை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். "இரண்டு வருஷத்துக்கு முன் நம்முடன் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இதைப் போன்றதை ஆசிரியர் அறையில் மேஜைமேல் வைத்தார். ஒரு மாதம் கழித்து நாமும் ஒன்றை வாங்கி அதே மேஜைமேல் வைத்தோம். மூன்று நாள் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். நாலாவது நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவணை மட்டும் பதினெட்டு மாதம் வந்தது" என்றோம். பையன் முதல் முறையாகச் சிரித்தான். தகப்பனார் சிரிக்கவில்லை; நம்மைப் பரிவுடன் பார்த்தார்.

எண்பதாயிரம் ரூபாய்க் கருவி யாருக்கும் தகாது என்று நாம் சொல்ல வரவில்லை. நமக்குத் தெரிந்த கல்யாணப் படக்காரர் ஒருவர் அத்தகைய கருவி ஒன்றை வைத்திருக்கிறார். சிறு வீடியோக்கள் எடுத்து ஒரே பருவத்தில் அதன் விலையைச் சம்பாதித்துவிட்டார். அவருக்கு அது கொத்தனாரின் கரண்டியைப் போல ஒரு கருவி. கடனில்லாமல் வாங்கி, ஏழு வருஷம் பொறுமையாக வைத்துக்கொள்ளக் கூடியவர் வாங்கினாலும் நமக்கு ஆட்சேபமில்லை. மற்றவர்கள் கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். எத்தனை வருஷம் புதுப்பிப்பு? புதுப் பாட்டரிக்கும் புதுக் கண்ணாடிக்கும் என்ன விலை? பழுது பார்க்குமிடம் நம் ஊரில் உண்டா? ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? ஐந்தாவது கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது. தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். "யார் பார்க்க வேண்டுமென்று இதை வாங்குகிறோம்?"

முடிவில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு, ஐந்தாறு வருஷப் புதுப்பிப்பு உள்ள ஒரு கைபேசியும், நாற்பதினாயிரத்துக்குள் ஒரு மடிக்கணினியும் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பொறியியல் படிக்கிறவனுக்குப் பின்னதுதான் ஆயுதம். பையன் முழு மனதுடன் ஒப்புக்கொண்டான் என்று சொன்னால் அது பொய்யாகும், ஒப்புக்கொண்டான்.

படியிறங்கும்போது கொத்தனார் திரும்பி, "உங்களுடையது இன்னும் எத்தனை வருஷம் ஓடும், ஸார்?" என்று விசாரித்தார்.

"ஐந்து வருஷம் ஓட்டியாக வேண்டும்" என்றோம்.

"அப்படியானால் மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.