மலையிறக்காத சோதனை வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்களுக்கு அது வேடிக்கை. காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் கீழே போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எந்தச் சோதனை துல்லியமானது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் முதலில் கேட்க வேண்டியது, அது ஒரு பெண்ணை எத்தனை முறை மலையிறக்கும் என்பதைத்தான்.

கருப்பை வாயின் செல்களைச் சுரண்டியெடுத்து ஆராயும் பாப் ஸ்மியர் எடுத்தால் முடிவு வர நாளாகும். சந்தேகம் என்றால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, பிறகு திசுவெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, பிறகு சிகிச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்திலும் சிலர் நின்றுவிடுவார்கள். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவரைத்தான் நாம் அழைக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. இந்நோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதுவரை வலி கிடையாது.

இதற்கான வழியைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுவரையிலான 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். சந்தேகத்துக்குரியவர்கள் 3,088 பேர்; அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப்பி நடந்தது. விடுபட்டவர்கள் 36 பேர் மட்டுமே! அடுத்த கட்டத்தையும் பெண்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனதன் பலன் இது. 2007இல் முடிவுகள் வெளியானபோது, இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால், அசிட்டிக் அமிலச் சோதனை பார்ப்பவரின் கண்ணை நம்பியது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வில் அதனால் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதே ஆய்வில் ஒரே ஒருமுறை செய்த எச்பிவி சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. அந்த மாதிரியைப் பெண் தானே மறைவாக எடுத்துக் கொடுக்கலாம். மலைக்கு ஏற்றது இதுதான் என்பது என் துணிபு: குப்பி சேலத்துக்கு இறங்கட்டும், பெண் இறங்க வேண்டாம்.

தொற்று உறுதியானவர்களை நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடத்தில் ஒரே நாளில் பார்த்துச் சிகிச்சையும் அளித்துவிடலாம். உறைய வைக்கும் சிகிச்சைக்கு எரிவாயு உருளையை மலையேற்ற வேண்டும். ஆனால், வெப்பத்தால் திசுவை அழிக்கும் கையடக்கக் கருவி பேட்டரியிலேயே இயங்கும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அதைப் பரிந்துரைத்தது. உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிபவர்கள், மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டவர்கள் மட்டும் தாமதமின்றி சேலம் அரசு மருத்துவமனையில் பயாப்ஸி செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு வண்டியும் அன்றைய கூலியும் அரசு கொடுக்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. நாட்டுச் சராசரியான 1.9ஐக் காட்டி இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஏற்காட்டின் 67 மலைக்கிராமங்களிலும் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களைத் தவிர்த்து, கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டை வைத்து வீடுவீடாக இப்பணியைத் தொடங்கலாம்.