எந்தச் சன்னம் சிறந்தது?

துவக்குச் சுடும் போட்டிகளில் ஆர்வமுள்ள மாணவன் ஒருவன் சென்ற கிழமை என்னிடம் ஒரு வினாவுடன் வந்தான். காற்றுத் துவக்கில் இடும் ஈயச் சன்னங்களுள் எந்த மார்க்கு மிகச் சிறந்தது என்பதே அவன் அறிய விரும்பியது. கணிதம் கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். சற்றுச் சிந்தித்தபின், என்னிடமே கேட்கவேண்டிய கேள்வி அது எனக் கண்டேன்.

10 மீற்றர்க் காற்றுத் துவக்குப் போட்டி 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது. சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், குறியட்டையின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீற்றர்! இறுதிச் சுற்றிலே தசமத்திலும் புள்ளி கணிப்பதால், கால் மில்லிமீற்றர் விலகலுக்குப் பத்திலொரு புள்ளி குறைந்துவிடும். 2008ஆம் ஆண்டு பீஜிங் நகரில் இந்தியாவின் அபினவ் பிந்திராவும் பின்லாந்தின் ஹென்றி ஹெக்கினனும் கடைசிச் சூட்டுக்கு முன் சமமாய் நின்றனர். பிந்திரா பெற்றது 10.8; மற்றவர் பெற்றது 9.7. ஒருவருக்குப் பொன், மற்றவருக்கு வெண்கலம். அவ்விரு சூடுகளும் மையத்தை விட்டு விலகிய தூரங்களின் வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாது. இத்தகைய களத்திற் சன்னம் பிழைத்தால், கை பிழைக்காதவனும் தோற்பான்.

இனி வினாவுக்கு வருவோம். ஒரு மார்க்கின் ஐந்து சன்னங்கள் நடுவை விட்டு இடப்புறமாக, ஒரே துளையிற் பாய்கின்றன. வேறொன்றின் ஐந்தும் நடுவைச் சுற்றிச் சிதறுகின்றன. பலர் இரண்டாவதையே மெச்சுவர். அது தவறு. முன்னதைக் குறிபார்க்கும் கருவியின் திருகாணியைச் சிறிது திருப்பித் திருத்திவிடலாம். சிதறலைத் திருத்தும் திருகாணி எத்துவக்கிலும் இல்லை.

சிதறல் எதனால் உண்டாகிறது? சன்னம் இடை சிறுத்த உருவினது. அதன் தலை குழலின் உள்ளே சுருளாய்ச் செல்லும் வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழல்கிறது. பின்புறத்துப் பாவாடை போன்ற குழிந்த பகுதி விரிந்து காற்றைக் கசியவிடாது அடைக்கிறது. தட்டைத் தலையாதலின் கடதாசியில் வட்டமான துளை விழும். நெடுந்தூரத்துக்கு அது ஆகாது. அங்கே உருண்டைத் தலையே ஏற்றது. தலையின் விட்டம், நிறை, பாவாடையின் செம்மை ஆகியன சன்னத்துக்குச் சன்னம் மாறினால் சூடும் மாறும். ஆதலாலன்றோ ஜேர்மனியின் எச் அண்ட் என் நிறுவனத்தார் தலையின் விட்டம் 4.49, 4.50 எனப் பேணியிலேயே பிரித்துக் குறிக்கின்றனர்! அந்நாட்டு ஆர்.டபிள்யூ.எஸ்., செக் நாட்டு ஜே.எஸ்.பி. ஆகியனவும் பெயர் பெற்றவையே. ஆயினும், ஒரு குழலுக்கு உவந்த சன்னம் அதே வகைத் துவக்கின் மற்றொரு குழலுக்கு உவப்பதில்லை. பொதுவாய் ஒன்றை முதல்வன் என்று முடிசூட்ட வழியில்லை.

ஆகவே துவக்கை இரும்புப் பிடியில் அசையாது பூட்டி, சன்னங்களை மாற்றி மாற்றிச் சுட்டு, துளைக்கூட்டத்தின் அகலத்தை அளப்பர். இவ்விடத்தேதான் கணிதம் புகுகின்றது. ஒரே பேணிச் சன்னங்களை ஐவைந்தாகச் சுட்டாலும் ஒரு கூட்டம் குறுகும், ஒரு கூட்டம் விரியும். நாலிலொரு பங்கு வேறுபாடு சாதாரணம். பத்துச் சன்னங்களின் அகலம் ஐந்தினதைவிட ஏறக்குறைய நாலிலொரு பங்கு மிகுதியாயிருக்கும். எனவே ஒன்றை ஐந்தாலும் மற்றொன்றைப் பத்தாலும் அளந்து ஒப்பிடுதல் அநீதி. அழகிய ஒரு கூட்டத்தை மாத்திரம் வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோர், அதைவிட ஏமாந்தவர்.

மாணவன் கையிலும் அத்தகைய அட்டை ஒன்று இருந்தது. துளைகளை எண்ணினேன், மூன்றே. ஒவ்வொரு மார்க்கிலும் பத்துப் பத்தாக நான்கு முறை சுட்டு வரும்படி கூறினேன். சன்னம் ஈயமாதலின், தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் உணவில் வைக்கலாகாது என்பதையும் சொல்லி வைத்தேன்.

தேர்ந்த வீரர்கள், தம் குழலுக்கு ஏற்ற தொகுதி அகப்பட்டவுடன், அதே தொகுதி எண்ணுடைய பேணிகளை ஆயிரக்கணக்கான சன்னங்களுக்கு வாங்கிச் சேர்த்துவிடுவர். அவை தீர்ந்து புதுத் தொகுதி வந்தால், மார்க்கு பழையதாயினும், துவக்கு மறுபடியும் இரும்புப் பிடிக்குள் ஏறும்.