பொம்மை வீட்டைக் கட்டுவது யார்?



பிள்ளைகளுக்குப் பொம்மை வீட்டு கிட் வாங்கிக் கொடுப்பது நல்ல விடயம். ஆனால் வாப்பா கம் பூச, உம்மா ஜன்னல் ஒட்ட, பிள்ளை பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன பயன்?

இந்தக் கிட்களில் பல 1:12 அல்லது 1:24 அளவிடையில் வருகின்றன. 1:12 என்றால் ஓர் அடி ஓர் அங்குலமாகும். 6 அடி அலுமாரி 6 அங்குலம். வகுப்பில் அளவிடைப் படம் என்று நாம் படிப்பிப்பது இதைத்தான். வீட்டையும் கடையையும் சேர்த்து ஒரு தெரு அமைப்பதென்றால் இரண்டும் ஒரே அளவிடையா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக் கதவு வீட்டுக் கதவில் பாதிதான் இருக்கும். கம் பூசமுன் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சுவர் நிறம், மின்குமிழ் வயர் எல்லாம் கூரை மூடமுன் முடிய வேண்டும். பிறகு கை போகாது. இந்த ஒழுங்கைப் பிள்ளையே யோசிக்கட்டும்.

சுவர் கொஞ்சம் சரிந்தால் சரியட்டும். ஆசிரியர்களாகிய நாமும் நேரான சுவருக்கல்ல, பிள்ளை சொல்லும் விளக்கத்துக்கே புள்ளி போட வேண்டும். கிட் வாங்க வசதியில்லாத பிள்ளை சப்பாத்துப் பெட்டியை வெட்டி அதே அளவிடையில் கட்டினால், அதுவும் அதே பாடம்தான்.

நாம் கட்டிய வீட்டில் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பினால், அளவிடையை அல்ல, பொய்யைத்தான் படிப்பிக்கிறோம்.