புனே மாணவர் நாடகத்தின் மீது தாக்குதல்: கண்டன அறிக்கை

சென்னை, பிப்ரவரி 2024

புனே சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையான லலித் கலா கேந்திரத்தில், பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை மாலை, மாணவர்கள் நடித்துக்கொண்டிருந்த ‘ஜப் வி மெட்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் அமைப்பினர் பாதியில் புகுந்து நிறுத்தியதையும், அதன் பிறகு துறைத் தலைவரையும் ஐந்து மாணவர்களையும் காவல்துறை கைது செய்ததையும் எங்கள் நாடகக் கலைஞர் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. மறுநாள் நீதிமன்றம் ஆறு பேருக்கும் ஜாமீன் கொடுத்துவிட்டது. அன்றே இன்னொரு கும்பல் கேந்திரத்துக்குள் நுழைந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தது. அதற்கும் எங்கள் கண்டனம்.

நாடகத்தின் கதைதான் என்ன? ராம்லீலா போடும் ஒரு குழு. மேடைக்குப் பின்னால் அவர்கள் அடிக்கும் அரட்டை, அங்கே நடக்கும் சில்லறைச் சண்டைகள். சீதை வேஷம் கட்டிய ஆண் நடிகர் சிகரெட் பிடித்தார், கொச்சையாகப் பேசினார் என்பது புகார். இதைக் கேட்டு எங்கள் சங்கத்தின் மூத்த கூத்துக் கலைஞர்களுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது. விடிய விடிய நடக்கும் கூத்தில் பாஞ்சாலி வேஷக்காரர் திரைக்குப் பின்னால் ஒரு பீடி பற்றவைப்பதைப் பார்க்காத கூத்துக்காரர் உண்டா? அதே ஆள் துகிலுரியும் கட்டத்தில் இரு கையையும் தூக்கிக் கண்ணனைக் கூப்பிடும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள். பீடி பிடித்தவர் வேறு, பாஞ்சாலி வேறு என்று அந்த ஜனங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. புனேயில் மேடையில் புகுந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடாமல் போயிருக்கிறது.

பக்தியும் கேலியும் ஒரே மேடையில் இருக்க முடியாது என்பது நம் நாட்டு நாடகத்துக்கே தெரியாத சட்டம். கூத்தின் கட்டியங்காரன் ராஜாவையும் விட்டுவைப்பதில்லை, முனிவரையும் விட்டுவைப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ முழுக்க முழுக்கச் சமயவாதிகளைக் கிண்டலடிக்கும் நாடகம். குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகன் தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவியைத் திருடன் என்கிறான். பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். மண்டையோட்டைத் தூக்கிப்போனது ஒரு நாய். எழுதியவன் நாட்டின் அரசன். இந்த நாடகம் கேரளக் கோயில்களில் வேண்டுதலாக இன்றும் நடத்தப்படுகிறது. தெய்வ சந்நிதியில் நடக்கும் பிரகசனம், அதாவது கேலி நாடகம், பல்கலைக்கழக அரங்கில் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

மராத்தி மேடையை எடுத்துக்கொண்டாலும் இதுவே கதை. அதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே அரங்கேற்றிய ‘சீதா ஸ்வயம்வர்’. அன்றைக்குச் சீதையாக வந்ததும் ஆண்தான். லலித் கலா கேந்திரத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்த சதீஷ் ஆளேகர், செத்துப்போன ஒருவர் தன் இறுதிச் சடங்கைத் தானே கீர்த்தனக் கதாகாலட்சேபமாகச் சொல்லும் ‘மஹாநிர்வாண்’ நாடகத்தை 1974இல் மேடையேற்றினார். பிணமும் சுடுகாடும் ஹரிகதையும் சேர்ந்து சபையைச் சிரிக்கவைத்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இதே புனேயில் விஜய் டெண்டுல்கரின் ‘காஷிராம் கோத்வால்’ அரங்கேறியது. எதிர்ப்புக்குப் பயந்து, தயாரித்த அமைப்பே 19 காட்சிகளோடு அதை நிறுத்தியது. கலைஞர்கள் பிரிந்து வந்து புதுக் குழு தொடங்கினார்கள். நாடகம் உலகமெல்லாம் சுற்றியது. நிறுத்தச் சொன்னவர்களின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம்?

பார்வையாளர் வாயை அடைக்கச் சொல்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறான நாடகம் போடுகிறவர் வசவுக்குத் தயாராகத்தான் வர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் கூச்சல் போடலாம், எழுந்து போகலாம், வாசலில் நின்று திட்டலாம், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுத் தகராறும் பண்ணலாம். எங்கள் சென்னைச் சபாக்களில் இதைவிடக் கொடுமையான தண்டனை ஒன்று உண்டு: இரண்டாவது காட்சியிலேயே கூட்டம் கேன்டீனுக்குப் போய்விடும். விமர்சகர் எழுதலாம், எதிர் நாடகம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம். எம்.ஆர்.ராதா தன் ‘ராமாயண’ நாடகத்துக்கு விளம்பரம் செய்தபோது, மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவே வேண்டாம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். ராதாவின் கருத்தை ஏற்காதவர்களும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் உள்ள அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவர் காலெடுத்து வைத்த நிமிடத்தில் அவர் பார்வையாளர் அல்ல. அதைப் ‘பார்வையாளர் எதிர்வினை’ என்று சில பத்திரிகைகள் எழுதுவது தவறு.

நடிகர்கள் தங்களைத் தாக்கினார்கள் என்று புகுந்தவர்களும் புகார் சொல்கிறார்கள். விசாரிக்கட்டும். ஆனால் யார் யாருடைய இடத்துக்குள் நுழைந்தார்கள் என்பதிலிருந்து விசாரணை தொடங்கட்டும்.

மாணவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதுதான் அந்தப் பிரிவின் குற்றம்; தெரியாமலோ விளையாட்டாகவோ நேர்வது அதில் அடங்காது என்று 1957இலேயே, ராம்ஜிலால் மோதி வழக்கில், உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: போராட்டம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. புனே காவல்துறை மிரட்டியவர்களுக்குப் பாதுகாப்பும் மிரட்டப்பட்டவர்களுக்குக் கைதும் கொடுத்திருக்கிறது.

நாடகத்தை அடக்க இந்த நாட்டில் சட்டங்கள் இருந்தன. 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்ததே ஒரு கேலி நாடகத்தால்தான். கல்கத்தா வக்கீல் ஒருவர் வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கு அழைத்துப்போய் உபசரித்ததை கிரேட் நேஷனல் தியேட்டர் பிரகசனமாகப் போட்டது. வெள்ளைக்கார அரசுக்குப் பொறுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எம்.ஆர்.ராதாவின் வாயை அடைக்க 1954இல் சென்னை மாநிலம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு காவல் ஆணையர் அலுவலகத்தில் காத்துக்கிடந்த காலத்தை எங்கள் உறுப்பினர்கள் பலர் மறக்கவில்லை. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டமும் 2018இல் ஒழிந்தது. மகாராஷ்டிரத்தில் பிரதியை முன்கூட்டியே பரிசீலிக்கும் வாரியம் இன்னும் இருக்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த வாரியத்துக்குக்கூட ஓடும் நாடகத்தில் ஏறி நடிகரைப் பிடித்துத் தள்ள அதிகாரம் கிடையாது. அரசு கைவிட்ட வேலையைக் கும்பல் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரதியைப் படிக்கும் சிரமம்கூட இல்லாத தணிக்கை இது.

எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது பல்கலைக்கழகத்தின் அறிக்கை. தாக்கப்பட்ட மாணவர்கள் பக்கம் நிற்க வேண்டிய நிர்வாகம் வருத்தம் தெரிவித்து, புராண, வரலாற்றுப் பாத்திரங்களைக் கேலி செய்வதே தவறு என்று சொல்லியிருக்கிறது. நாடகத்துறை நடத்தும் பல்கலைக்கழகம் இப்படிச் சொன்னால், அங்கே பிரகசனத்தை எப்படிப் பாடமாக வைப்பார்கள்? பரத முனிவர் பத்து ரூபகங்களில், அதாவது நாடக வகைகளில், ஒன்றாகப் பிரகசனத்தை எண்ணியிருக்கிறார். இனி ஒன்பதோடு நிறுத்திக்கொள்வார்களா?

ஆறு பேர் மீதான வழக்கை மகாராஷ்டிர அரசு உடனே திரும்பப் பெற வேண்டும். மேடையில் புகுந்தவர்கள் மீதும் கண்ணாடியை உடைத்தவர்கள் மீதும் சட்டப்படி நடவடிக்கை வேண்டும். பல்கலைக்கழகம் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்று, மாணவர்களின் படிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் பங்கம் வராது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். பாதியில் நின்ற நாடகத்தை அதே அரங்கில், உரிய பாதுகாப்போடு, முழுதாக நடத்த வேண்டும். பிடிக்காதவர்கள் அன்றைக்கும் வரட்டும், நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் கூச்சலிடட்டும்.

தமிழ்நாட்டுச் சபா நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. புனேயைக் காரணம் காட்டி, எதற்கு வம்பு என்று வசனத்தை வெட்டச் சொல்லும் பழக்கம் இங்கே தலைதூக்க வேண்டாம். எங்கள் உறுப்பினர் குழுக்கள் இம்மாதம் நடத்தும் ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால், திரை விலகியதும், இந்த அறிக்கையை மேடையில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

— செயற்குழு