யார் பெயரால் கதவு தட்டப்படுகிறது?

வெருகலாற்றில் நீர் ஏறும் மாதங்களில் இப்பிரதேசத்தில் கையில் காசு உள்ளவர் அரியர். கார்த்திகையிலும் மார்கழியிலும் முதல் முழுவதும் வயலுக்குள் கிடக்கும். கடல் கொந்தளிக்க, தோணி கரையேறிவிடும். மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டிய பின்னரே உரக்கடைக் கணக்கும், உழவு இயந்திர வாடகையும், பலசரக்குக் கடைக் கொப்பியும் தீரும். ஈச்சிலம்பற்றிலும் அதன் அயலூர்களிலும் கடன் இவ்வாறே கொடுக்கப்பட்டது. இவ்வாறே திரும்பியும் வந்தது.

ஆழிப்பேரலையும் போரும் 2006 ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் இவ்வொழுங்கைச் சிதைத்தன. மீளக் குடியேறிய குடும்பங்களைத் தேடி நுண்கடன் வந்தது. போகத்துக்கு ஒருமுறை வருவாய் காணும் மண்ணில் கிழமைக்கு ஒருமுறை தவணை கேட்கப்பட்டது. விளைந்தது என்ன என்பதை நாடறியும். 2018 செப்தெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போகோஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடச் சென்றோர் பெண்கள்மீது செலுத்திய உடல், உளக் கொடுமைகளையும், பாலியல் இணக்கம் கோரியதையும் வெளிப்படையாகப் பதிவுசெய்தார். அவ்வாண்டிலேயே திருகோணமலை உள்ளிட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இன்று அதே அறவீட்டு முறை, நிதி நிறுவனங்களைக் கடந்து, கடைக்காரரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் வந்து நிற்கிறது. வராக் கடனை எம்மிடம் ஒப்படையுங்கள், மீட்டதில் ஒரு பங்கைத் தாருங்கள் என்று கேட்கும் முகவர்களை நாடலாமா, நாடுவதாயின் எவரை நாடுவது என்னும் வினா எழுந்திருக்கிறது. கடன் கொடுத்தவரின் மனக்குறை நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். உள்ளூர்க் கடைக்காரரும் திருகோணமலை மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவரே. வாடகை வராத வீட்டின் உரிமையாளர் எல்லோரும் செல்வந்தர் அல்லர். வெளிநாட்டில் உழைத்த காசில் ஒரே ஒரு கடையறை கட்டி, அதன் வாடகையில் முதுமையைக் கழிப்போரும் உண்டு. அவர்கள் தம் பணத்தைக் கேட்பது குற்றமாகாது.

ஆயினும் ஒன்றை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இன்றும் உயிருடன் இருக்கிறது. கடையில் கொடுத்த சரக்குக்கான கொப்பிக் கடனை, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட்டுக் கேட்க வேண்டும். எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள். எழுத்தில் உள்ளதற்கு ஆறு. இக்காலம் கடந்த கடனுக்கு நீதிமன்றத்தின் கதவு திறவாது. அப்படியிருக்க, ஐந்தாண்டுப் பழைய கொப்பிக் கடனையும் மீட்டுத் தருவேன் என்று ஒரு முகவர் மார்தட்டுவாராயின், எதைக்கொண்டு மீட்பார்? சட்டம் அவர் கையில் இல்லை. எஞ்சியவை இரண்டே: கடன்பட்டவரின் மனச்சான்று, அல்லது அவரது அச்சம். மனச்சான்றை எழுப்புவதற்குக் கூலிக்கு ஆள் வேண்டியதில்லை.

ஆகவே எவ்வளவு மீட்பீர் என்பது முகவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வியாகாது. என் பெயரைச் சொல்லிக்கொண்டு எவரை, எந்நேரத்தில், எந்த வீட்டுக்கு அனுப்புவீர் என்று கேட்க வேண்டும். கணவனை இழந்த பெண்கள் தனித்து நடத்தும் வீடுகள் நிறைந்த பிரதேசம் இது. பொழுதுபட்ட பின் அந்த வாசலில் அறிமுகமற்ற ஓர் ஆடவர் நிற்பதே மிரட்டலாகும். அவர் வாய் திறக்க வேண்டியதுமில்லை. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்கோ கோயில் வீதிக்கோ சென்று கடனைப் பறைசாற்றுவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட மறுப்பவரிடம் ஒரு ரூபாக் கடனையும் ஒப்படைக்கலாகாது. வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டா, பணம் நேரே கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்குச் செல்லுமா, வேண்டாம் என்றால் அன்றே கணக்கைத் திரும்பப் பெறலாமா என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். மீட்டதில் பாதியைக் கூலியாகக் கேட்பவர், அப்பாதிக்காக எதையும் செய்வார் என்றே நாம் அஞ்சுகிறோம். அனுப்பப்பட்டவர் செய்யும் அட்டூழியம் அனுப்பியவரின் பெயரிலேயே ஊரில் நிற்கும்.

முகவரை நாடுமுன் செல்லத்தக்க இடங்களும் உள்ளன. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு கடன் பிணக்குகளை இருதரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்கின்றன. குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாத குடியிருப்பாளரிடமிருந்து இடத்தை மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழி வகுத்திருக்கிறது. பூட்டை மாற்றவும் தண்ணீரை நிறுத்தவும் ஆள் பிடிப்பவர்கள் இவ்வழியை ஏன் நாடுவதில்லை?

அரசின் கடமை இன்னும் நிறைவேறவில்லை. மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அவ்வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கே உரியவை. கடைக்காரர் அமர்த்தும் முகவரை அவை தொடா. அமெரிக்கா 1977 இலேயே அறவீட்டாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அறவீட்டு முகவர்கள் அழைக்கலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 இல் தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்குப் பணித்தது. தமிழ்நாடு 2025 இல் வலுக்கட்டாய அறவீட்டைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. யாருக்காக அறவிட்டாலும் அறவீட்டாளர் அனைவரும் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்னும் சட்டத்தை எமது நாடாளுமன்றமும் இயற்ற வேண்டும். கிழக்கின் உறுப்பினர்கள் அதனை முன்மொழிய வேண்டும்.

அதுவரை எமது கடைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பங்குனியில் நெல் விற்ற கையோடு கடன்பட்டவரை அழைத்து, கொப்பியில் நிலுவையைக் கூட்டி, அவர் கண்முன் எழுதி, அவரது கையொப்பத்தைத் திகதியுடன் பெறட்டும். எழுத்திலான அந்த ஒப்புதல் கடனின் காலத்தைப் புதுப்பிக்கும். ஒரு பகுதியை அன்றே பெற்றுக்கொண்டு, மிச்சத்தைச் சிறுபோகத்துக்கு ஒத்திவைத்துப் பேசுவதற்கும் அதுவே ஏற்ற நேரம்.