முதியோர் இல்லத்துக்கு ராத்திரி போங்க, ஐயா!

முதியோர் இல்லம், மனநலக் காப்பகம் எல்லாவற்றுக்கும் அரசாங்கச் சோதனை உண்டு. சட்டம் இருக்கிறது. உரிமம் இருக்கிறது. பதிவேடு இருக்கிறது. ஆனால் "நாளைக்கு ஐயா வர்றாரு" என்று முதல் நாளே தகவல் கசிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! தரை பளபளக்கும். படுக்கை விரிப்பு மாறும். பாட்டிகளுக்குத் துவைத்த புடவை!

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

2001 ஆகஸ்டு 6-ந் தேதி. விடிந்தும் விடியாத நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். எங்கே ஓடுவது? 28 பேர் பலி!

காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987-லேயே சட்டம் வந்தாச்சு. இங்கே உரிமம் கிடையாது. சங்கிலியோ ஊரறிந்த சங்கதி. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில் ஏர்வாடி காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். அந்த வேகம் முன்னமே இருந்திருக்கக் கூடாதா?

2017-ல் புதுச் சட்டம் வந்தது. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்றது. அப்புறமும் என்ன? 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காப்பகத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அதிகாரிகள் சோதனையில் மாட்டியதா? இல்லை சார். அங்கே சேர்த்த பெரியவரைக் காணோம் என்று விஷயம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது!

உள்ளே இருப்பவர் புகார் செய்யமாட்டார். பாதிப் பேருக்குப் பேச்சே சரியாக வராது. பேச வருபவருக்கும், "வெளியே அனுப்பிட்டா எங்கே போறது?" என்ற பயம். மகனும் வாயைத் திறக்கமாட்டான். வேறு இடம் கிடைக்க வேண்டுமே! அதனால் அதிகாரியின் கண்தான் அவர்களுக்கு இருக்கும் ஒரே வாய்.

அந்தக் கண் பதிவேட்டைப் பார்த்தால் போதாது. ராத்திரி 2 மணிக்குக் கதவைத் தட்ட வேண்டும். எத்தனை ஆயா விழித்திருக்கிறார்? பின்கதவுச் சாவி யார் கையில்? தண்ணீர்ச் செம்பு கிழவருக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா? முதுகைத் திருப்பிப் பார்த்தால் படுக்கைப் புண் இருக்கிறதா? இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் எந்த நேரம் போனாலும் கதவைத் திறப்பார்கள். அப்படிப்பட்டவர்களும் நம் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போட்டு, சான்றிதழைக் கடையில் மாட்டச் சொல்கிறது அரசாங்கம். பெற்ற தாயை விட்டு வரும் இடத்தில் கடைசியாகச் சோதனை நடந்த தேதியையும், கண்ட குறையையும் வாசலில் மாட்டினால் என்ன? இங்கிலாந்தில் 2015 முதல் இல்லத்தின் தரத்தை உள்ளே நுழைகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியாக வேண்டும்.

பலகை வரும் வரை நீங்களே பாருங்கள். அப்பாவுக்கு இடம் பார்க்கப் போகிறீர்களா? ஆபீஸ் ரூமில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாயங்காலம் 7 மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். "இப்போ பார்க்க முடியாது" என்றால், வேறு இல்லம் தேடுங்கள்.